மலாக்கா எப்படி விழுந்தது? 1511 முற்றுகை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1511 ஆகஸ்டில் போர்ச்சுகீசியர் மலாக்கா துறைமுகத்தைப் பிடித்தார்கள். மலேசியா போய்வரும் நம்மவர்கள் பலர் அங்கே மிச்சமிருக்கும் ஒற்றைக் கோட்டை வாசலின் முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். அந்த வாசல் அங்கே நிற்பதற்குக் காரணமான கதையில் தமிழ் வியாபாரிகளும் இருந்தார்கள் என்று சொன்னால் உடனே கேள்விகள் வரும். வழக்கமாக வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

மலாக்காவில் அப்படி என்ன இருந்தது? ஒரு சின்ன ஆற்று முகத்துவாரத்துக்கு ஏன் இத்தனை சண்டை?

காற்று இருந்தது. பாய்மரக் கப்பல் காலத்தில் இந்தியப் பெருங்கடலில் நினைத்த மாதம் நினைத்த திசையில் போக முடியாது. தென்மேற்குப் பருவக்காற்று இந்தியாவிலிருந்து கிழக்கே தள்ளும், வடகிழக்குக் காற்று சீனாவிலிருந்து தெற்கே தள்ளும். இரண்டு பக்கத்துக் கப்பல்களும் சந்திக்கிற இடம் மலாக்கா நீரிணை. வந்தவர்கள் காற்று திரும்பும்வரை மாதக்கணக்கில் தங்கித்தான் ஆக வேண்டும். தங்குமிடம், கிடங்கு, குடிநீர், நியாயமான நிறுத்தளவு எல்லாம் எந்த ஊரில் கிடைக்கிறதோ அங்கேதான் சரக்கு இறங்கும்.

தெர்னாத்தே, திடோரே தீவுகளின் கிராம்பு, பண்டாவின் ஜாதிக்காய், திமோரின் சந்தனம், போர்னியோவின் கற்பூரம், சீனத்துப் பட்டும் பீங்கானும், குஜராத்திலிருந்தும் சோழமண்டலக் கரையிலிருந்தும் போன துணி எல்லாம் இங்கேதான் கைமாறின. ஊரில் விளைந்தது என்று பார்த்தால் பெரிதாக ஒன்றுமில்லை. சாப்பாட்டு அரிசியே ஜாவாவிலிருந்தும் பெகுவிலிருந்தும் (இன்றைய மியான்மர்) வர வேண்டும்.

டோமே பிரெஸ் என்ற போர்ச்சுகீசியர், ஊர் பிடிபட்ட மறு வருடம் அங்கே வந்து சில வருடங்கள் இருந்தவர், மருந்துச் சரக்கு தெரிந்தவர். மலாக்காவுக்கு எஜமானனாக இருப்பவனின் கை வெனிஸின் குரல்வளையில் இருக்கிறது என்று எழுதினார். ஐரோப்பாவுக்கு வாசனைச் சரக்கு விற்ற ஊர் வெனிஸ். அந்த ஊர்த் தெருக்களில் 84 மொழிகள் பேசப்பட்டதாகவும் அவர்தான் குறித்துவைத்தார்.

ஊரை யார் உண்டாக்கினார்கள்?

பலெம்பாங்கைச் சேர்ந்த பரமேசுவரன் என்ற இளவரசர், 1400ஐ ஒட்டி. சியாமுக்கு (இன்றைய தாய்லாந்து) பயந்து சீனாவின் மிங் பேரரசரிடம் ஆதரவு கேட்டார். செங் ஹே தலைமையில் வந்த பெரிய சீனக் கப்பற்படைகள் மலாக்காவில் நின்று போயின. பிறகு அரச குடும்பம் இஸ்லாத்தைத் தழுவியது. நூறு வருடத்துக்குள் மீனவர் குப்பம் சுல்தானகத்தின் தலைநகரானது.

சுல்தான் ஆட்சியில் துறைமுகம் எப்படி நடந்தது?

இதைத்தான் நான் எல்லாரிடமும் விரிவாகச் சொல்வேன். இந்த ஏற்பாடு புரிந்தால் பிற்பாடு நடந்தது எல்லாம் புரியும்.

துறைமுகத்துக்கு நான்கு ஷாபந்தர்கள். ஷாபந்தர் என்றால் துறைமுகத் தலைவர். குஜராத்திகளுக்கு ஒருவர். தமிழர், வங்காளிகள், பெகுக்காரர்கள், சுமத்ராவின் பாசாய்க்காரர்களுக்கு ஒருவர். ஜாவாவும் கிழக்குத் தீவுகளும் இன்னொருவர் பொறுப்பு. சீனா, சம்பா (இன்றைய வியட்நாமின் ஒரு பகுதி), ரியூக்யூ (இன்றைய ஒகினாவா) வியாபாரிகளுக்கு நான்காமவர். கப்பல் வந்ததும் மாலுமி தன் ஷாபந்தரிடம்தான் போவார். அவர்தான் கிடங்கு பார்த்துக் கொடுப்பார், சரக்கு இறக்க யானை ஏற்பாடு செய்வார், அரண்மனைக்கு அழைத்துப்போவார்.

மேற்கிலிருந்து வரும் சரக்குக்கு நூற்றுக்கு 6 வரி. கிழக்கிலிருந்து வருபவர்களுக்கு அந்த வரி இல்லை, மரியாதைப் பொருள் கொடுத்தால் போதும். சரக்கின் மதிப்பை யார் போடுவது? பத்து வியாபாரிகள் உட்கார்ந்து போடுவார்கள், அதில் ஐந்து பேர் தமிழர், ஐந்து பேர் மற்ற நாட்டவர் என்கிறார் பிரெஸ். அந்தப் பத்துப் பேர் நடுவில் வைத்த துணிக்கட்டைப் புரட்டிப் பார்த்து விலை சொல்லும் காட்சியை நினைத்துப் பாருங்கள். பழவேற்காட்டுத் துணியின் விலையைச் சொல்ல பழவேற்காட்டை அறிந்தவரே அங்கே இருந்தார். வியாபாரி அந்த ஊரை நம்பியதற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

‘கிளிங்’ என்பவர்கள் யார்? தமிழர்களா?

பெரும்பாலும் ஆம். மலாய்க்காரர்கள் சோழமண்டலக் கரையிலிருந்து வந்தவர்களைக் கெலிங் என்றார்கள், போர்ச்சுகீசியர் காதில் அது கிளிங் என்று விழுந்தது. கலிங்கம் என்ற பெயரிலிருந்து வந்த சொல் என்பது பொதுவான விளக்கம். இன்று மலேசியாவில் அது ஏச்சுச் சொல். அந்தக் காலத்தில் பெரிய பணக்காரர்களைக் குறித்த சொல் அது என்பது இங்கே பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். இந்துச் செட்டிகளும் உண்டு, தமிழ் முஸ்லிம்களும் உண்டு. பெண்டஹாரா என்ற முதலமைச்சர் பதவியில் இருந்த துன் முத்தாஹிரின் குடும்பத்திலேயே தமிழ் முஸ்லிம் ரத்தம் கலந்திருந்தது.

போர்ச்சுகீசியர் முதன்முதலில் எப்போது வந்தார்கள்?

1509 செப்டம்பரில், டியோகோ லோப்பஸ் டி செக்கெய்ரா தலைமையில் சில கப்பல்கள். வியாபார ஒப்பந்தம் கேட்டு வந்தார்கள். கரையில் கூட்டம் கூடி வேடிக்கை பார்த்தது. ‘வெள்ளை வங்காளிகள்’ என்று ஊரார் பேசிக்கொண்டதாக செஜாரா மெலாயு என்ற பழைய மலாய் வரலாற்று நூல் சொல்கிறது.

ஆனால் கோழிக்கோட்டிலும் கிழக்கு ஆப்பிரிக்காவிலும் இந்த வெள்ளைக்காரர்கள் செய்தது என்ன என்று குஜராத்தி முஸ்லிம் வியாபாரிகளுக்குத் தெரியும். அவர்கள் அரண்மனையில் எச்சரித்தார்கள். செக்கெய்ராவைப் பிடித்துவிடத் திட்டம் போடப்பட்டது. அவர் கப்பலில் சதுரங்கம் ஆடிக்கொண்டிருந்த நேரத்தில் ஆயுதம் ஒளித்த ஆட்கள் மேல்தளத்தில் ஏறிச் சூழ்ந்துவிட்டதாகவும், கடைசி நொடியில் எச்சரிக்கை வந்ததாகவும் போர்ச்சுகீசியக் குறிப்புகள் சொல்கின்றன. எச்சரித்தவர்களில் ஒருவர் பெர்டினாண்ட் மெகல்லன், பிறகு உலகைச் சுற்றிய பயணத்துக்குப் பெயர்போனவர். கப்பல்கள் தப்பின. கரையில் இருந்தவர்களில் சிலர் கொல்லப்பட்டார்கள், ருய் டி அரௌஜோ உட்படச் சுமார் இருபது பேர் கைதிகளானார்கள்.

போர்ச்சுகீசியத் தளபதி அல்புகெர்க் வருவதற்கு முன்பே ஊர் உள்ளுக்குள் உடைந்திருந்தது என்கிறார்களே, உண்மையா?

உண்மை. உடைந்த இடத்தில் நம் ஆட்களும் இருந்தார்கள்.

செஜாரா மெலாயு சொல்லும் கதை இது. வியாபாரிகளின் தலைவர் நைனா சூரதேவன். இவருக்கும் ராஜா முதலியார் என்ற கிளிங் ஷாபந்தருக்கும் வழக்கு. வழக்கு பெண்டஹாரா துன் முத்தாஹிரிடம் போகிறது. ராஜா முதலியாருக்குக் கடன்பட்டிருந்த கித்தூல் என்பவன் இருவருக்கும் இடையில் கோள்மூட்டுகிறான். எதிராளி பெண்டஹாராவுக்குப் பொன் கொடுத்து உன்னைத் தீர்த்துக்கட்டப் பார்க்கிறான் என்ற ஒரே கதைதான். ராஜா முதலியார் நடுங்கிப்போய் லக்சமானா என்ற கடற்படைத் தலைவரிடம் ஓடி, பொன்னை அள்ளிக் கொடுத்து, பெண்டஹாரா அரியணைக்குச் சதி செய்கிறார் என்கிறார். அது சுல்தான் மஹ்மூத் ஷாவின் காதுக்குப் போகிறது.

சுல்தானுக்கு ஏற்கெனவே ஒரு மனக்கசப்பு உண்டு. பெண்டஹாராவின் மகள் துன் பாத்திமா பேரழகி. அவளைத் தன்னிடம் காட்டாமலே வேறு இடத்தில் கட்டிக்கொடுத்துவிட்டார் என்ற கோபம். கேள்வி முறையில்லாமல் பெண்டஹாராவையும் குடும்பத்து ஆண்களையும் கொல்லச் சொல்லிவிட்டார். அப்புறம் துன் பாத்திமாவைத் தானே மணந்துகொண்டார். சதிப் பேச்சு பொய் என்று தெரிந்ததும் ராஜா முதலியாருக்கும் கித்தூலுக்கும் மரண தண்டனை. இது நடந்தது 1510இல், எதிரிக் கப்பல் வர ஒரு வருடம்தான் இருக்கிறது.

கதையில் ஒரு பங்கு இட்டுக்கட்டியதாக இருக்கலாம். ஆனாலும் துறைமுகத்தை நடத்தத் தெரிந்த அமைச்சர் போய்விட்டார் என்பதும், அந்தக் கொலைக்குப் பிறகு எந்த வியாபாரியும் அரண்மனையை முன்போல் நம்பவில்லை என்பதும் நிஜம். பத்துப் பேர் உட்கார்ந்து விலை போட்ட ஊரில் ஒரு வதந்திக்கு ஒரு குடும்பமே போயிற்று என்றால், அடுத்தது யார் என்ற பயம் வராதா? என் பார்வையில் மலாக்கா விழ ஆரம்பித்தது அந்த நாளில்தான்.

அல்புகெர்க் எத்தனை பேரோடு வந்தார்?

அல்பொன்சோ டி அல்புகெர்க் அப்போது இந்தியாவில் போர்ச்சுகீசிய ஆளுநர். 1510 நவம்பரில்தான் கோவாவை இரண்டாம் தடவையாகப் பிடித்திருந்தார். மலாக்காவில் கைதியாக இருந்த அரௌஜோவின் கடிதம் அதற்கு முன்பே அவர் கைக்கு வந்துவிட்டது. ஊரில் எத்தனை ஆள், எங்கே பலம், எங்கே பலவீனம் என்ற விவரம் எல்லாம் அதில் இருந்தது. அந்தக் கடிதம் வெளியே போக உதவியவர், கைதிகளுக்குச் சாப்பாடும் பணமும் கொடுத்துப் பார்த்துக்கொண்டவர், நைனா சத்து என்ற தமிழ் இந்து வியாபாரி. இவரைப் பற்றிப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன்.

1511 ஜூலை 1 அன்று கப்பல்கள் மலாக்கா முன் நங்கூரம் போட்டன. மொத்தம் சுமார் 1,200 பேர். அதில் 800 பேர் அளவில் போர்ச்சுகீசியர், மற்றவர்களில் பெரும்பாலோர் மலபார் வீரர்கள்.

வந்த உடனே சண்டையா?

இல்லை. மூன்று வாரத்துக்கு மேல் பேச்சுவார்த்தை நடந்தது. கைதிகளை விடு, நட்டஈடு கொடு, கோட்டை கட்ட இடம் கொடு என்று அல்புகெர்க் கேட்டார். சுல்தான் நாளைக் கடத்தினார். காற்று திரும்பிவிட்டால் இவர்கள் போயாக வேண்டும் என்ற கணக்கு அவருக்கு. அது தப்புக் கணக்கும் இல்லை. அல்புகெர்க்குக்கும் அதே கவலைதான். அதனால் துறைமுகத்தில் நின்ற குஜராத்திக் கப்பல்களையும் கரையோர வீடுகளையும் கொளுத்தினார். உடனே கைதிகள் வந்து சேர்ந்தார்கள், கோட்டைக்கு இடம் மட்டும் வரவில்லை.

அப்போது துறைமுகத்தில் ஐந்து சீனக் கப்பல்கள் நின்றன. சுல்தான் தங்களிடம் முறையாக நடக்கவில்லை என்று அந்த வியாபாரிகளுக்கு மனத்தாங்கல், அல்புகெர்க்குக்கு உதவத் தயார் என்றார்கள். படகுகளை மட்டும் வாங்கிக்கொண்டு, சண்டையைப் பாருங்கள், போய் உங்கள் ஊரில் சொல்லுங்கள் என்றாராம் அவர்.

முதல் தாக்குதலில் என்ன நடந்தது?

மலாக்கா ஆறு ஊரை இரண்டாகப் பிரிக்கிறது. தெற்கே குன்றின்மேல் அரண்மனை, அடிவாரத்தில் பள்ளிவாசல். வடக்கே ஊப்பே என்ற வியாபாரிகள் பகுதி. இரண்டையும் இணைப்பது ஒரே மரப்பாலம். அதன்மேல் கடைகள்கூட இருந்தன. பாலம் எதிரி கைக்குப் போனால் ஊர் இரண்டு துண்டு. அரௌஜோ வற்புறுத்திச் சொன்னதும் இதைத்தான்.

ஜூலை 25, புனித யாக்கோபின் திருநாள். விடியலில் இரண்டு அணியாக இறங்கி இரண்டு முனையிலும் பாலத்தைப் பிடித்தார்கள். சுல்தான் யானைமேல் வந்தார், பின்னால் மற்ற யானைகள். குறுகலான தெருவில் யானை வந்தால் ஒதுங்க இடம் இருக்காது. போர்ச்சுகீசியர் நீண்ட ஈட்டிகளை அதன் முகத்தைப் பார்த்துக் குத்தினார்கள். காயம்பட்ட யானை பிளிறித் திரும்பியது. பின்னால் வந்த சொந்தப் படைமேலேயே ஏறி மிதித்துக்கொண்டு ஓடியது.

இருந்தும் மாலைக்குள் அவர்கள் கப்பலுக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. இரும்புக் கவசம் போட்டுக்கொண்டு நிலநடுக்கோட்டு வெயிலில் முழுநாள் நின்றவர்களுக்கு உடம்பில் தெம்பு இல்லை. சோறு தண்ணீர் இல்லை. ஊதுகுழலில் வந்த விஷ அம்பு பட்டவர்கள் ஒவ்வொருவராகச் செத்தார்கள். அன்றைய நாளை மலாக்காவின் வெற்றி என்றே சொல்லலாம்.

பிறகு எப்படிப் பிடித்தார்கள்?

ஒரு ஜங்க் கப்பலை வைத்து. ஜங்க் என்பது கிழக்குக் கடல்களில் ஓடிய உயரமான பெரிய சரக்குக் கப்பல். அதன் மேல்தளம் பாலத்தைவிட உயரம். அதில் பீரங்கியும் ஆளும் ஏற்றிப் பாலத்தருகே கொண்டுபோய் நிறுத்திவிட்டால் மேலிருந்து கீழே சுடலாம்.

சொல்ல எளிது. கனமான கப்பல், ஆற்று வாயில் மணல் திட்டு. ஜங்க் தட்டி நின்றுவிட்டது. பெரிய ஓதம் வரும்வரை நாள்கணக்கில் அங்கேயே கிடந்தது. இரவானால் மலாக்கா ஆட்கள் தீ மூட்டிய தெப்பங்களை நீரோட்டத்தில் விடுவார்கள், இவர்கள் படகில் போய்க் கொக்கி போட்டு இழுத்து ஒதுக்குவார்கள். கப்பலுக்குப் பொறுப்பாளர் அந்தோனியோ டி அப்ரியு. தாடையில் குண்டு பாய்ந்து பற்கள் போயும் இடத்தைவிட்டு நகர மறுத்தார். எதிரிப் பக்கத்து ஆள்தான், ஆனாலும் அந்த உறுதியைச் சொல்லாமல் விடக்கூடாது.

ஆகஸ்ட் 10 அன்று ஓதம் ஏறியது. ஜங்க் பாலத்தை எட்டியது. இந்தத் தடவை அல்புகெர்க் பழைய தவறைச் செய்யவில்லை. மண் நிரப்பிய பீப்பாய்களைப் பாலத்தின் இரு முனையிலும் அடுக்கினார், மேலே வெயிலுக்குப் பாய்த்துணிப் பந்தல் கட்டினார், சாப்பாடும் மாற்று ஆட்களும் கப்பலிலிருந்து வந்தபடி இருக்க ஏற்பாடு செய்தார். பாலத்திலேயே குடியேறிவிட்டார் என்றுதான் சொல்ல வேண்டும். அங்கிருந்து நாள்தோறும் ஊரைச் சுட்டார்கள். ஆகஸ்ட் 24 அன்று வரிசையாகத் தெருத்தெருவாகப் போனபோது எதிர்க்க ஆளில்லை. சுல்தான் உள்நாட்டுக்குப் போயிருந்தார்.

மலாக்காவிடம் பீரங்கியே இல்லையா?

இருந்தது, நிறையவே. சுமார் 3,000 பீரங்கிகளைக் கைப்பற்றியதாகப் போர்ச்சுகீசியர் எழுதினார்கள். அதில் பெரும்பாலானவை கைக்கு அடக்கமான சிறு பீரங்கிகளாக இருக்க வேண்டும், எண்ணிக்கையிலும் வெற்றியாளரின் பெருமை கலந்திருக்கும். ஆனால் மலாய் நூலோ, குண்டைப் பார்த்து ஊரார், ‘உருண்டையாக இருக்கிறது, ஆனாலும் ஆளைக் கொல்லும் கூர்மை எப்படி?’ என்று திகைத்ததாகச் சொல்கிறது. இரண்டும் ஒன்றுக்கொன்று இடிக்கிறது. நான் போர்ச்சுகீசியக் குறிப்புப் பக்கம்தான் நிற்பேன்: வெடிமருந்து அங்கே புதுசு இல்லை.

ஆயுதத்தைவிட ஆள்தான் பிரச்சினை. ஜாவாக்காரர்களில் பெரும்பகுதி அவர்களின் தலைவர் உத்திமுத்தி ராஜாவின் சொல் கேட்பவர்கள், அவர் அல்புகெர்க்கோடு ரகசியமாகப் பேசிவிட்டார். சீனர்கள் வேடிக்கை பார்த்தார்கள். இந்துத் தமிழ் வியாபாரிகளில் முக்கியமானவர் எதிர்ப்பக்கம். பெகு வியாபாரிகள் பாதுகாப்பு வாங்கிக்கொண்டார்கள். சுல்தானுக்காக உயிரைக் கொடுத்தவர்கள் மலாய்ப் பிரபுக்களும் அவர்களின் ஆட்களும்தான்.

அந்தப் பிரபுக்களைப் பற்றி ஒரு காட்சி செஜாரா மெலாயுவில் இருக்கிறது. சண்டைக்கு முந்தைய இரவு அரண்மனையில் காவல் இருந்த இளைஞர்கள், சும்மா உட்கார்ந்திருப்பதைவிட ஒரு வீரகதை படித்தால் என்ன என்று, முகமது ஹனபியாவின் கதையை அனுப்பும்படி அரண்மனைக்குச் சொல்லி அனுப்புகிறார்கள். அமீர் ஹம்சாவின் கதையை எடுத்துக்கொள்ளுங்கள், முகமது ஹனபியா அளவுக்கு உங்களிடம் வீரம் இருக்குமோ தெரியவில்லை என்று பதில் வருகிறது. ராஜா ஹனபியா அளவுக்கு இருந்தால், நாங்கள் ஹனபியாவின் தளபதி பனியார் அளவுக்கு இருப்போம் என்று அவர்கள் திருப்பிச் சொன்னதும் கேட்ட புத்தகமே வந்துவிட்டது. விளக்கு வெளிச்சத்தில் ஒருவர் படிக்க மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்ட அந்த இரவை நான் பல தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

ஊரைச் சூறையாடினார்களா?

சூறையாடினார்கள். ஆனால் வரிசைமுறையோடு. நைனா சத்து, பெகுக்காரர்கள், உத்திமுத்தி ராஜா தரப்பு ஜாவாக்காரர்கள் ஆகியோரின் வீடுகளில் கொடி கட்டப்பட்டது, அந்த வீடுகளைத் தொடக்கூடாது என்று உத்தரவு. முஸ்லிம் வியாபாரிகள் பலர் கொல்லப்பட்டார்கள் அல்லது அடிமையானார்கள். போர்ச்சுகீசியர் தங்கள் தரப்பில் இறந்தவர்கள் 28 பேர் என்று எழுதிவைத்தார்கள். ஊர் தரப்பில் செத்தவர்களை யாரும் எண்ணவில்லை.

நைனா சத்து துரோகியா?

நம்மவர்கள் கேட்கும் கேள்விகளில் கனமானது இதுதான்.

முதலில் பெயர். போர்ச்சுகீசியர் எழுதிவைத்த வடிவம்தான் நமக்குக் கிடைக்கிறது. நைனா என்பது நயினார், சத்து என்பது செட்டி என்றுதான் எனக்குப் படுகிறது. ஊர் விழுந்த பிறகு அல்புகெர்க் அவரைப் பெண்டஹாரா ஆக்கினார். இந்துக்களுக்கும் வெளிநாட்டு வியாபாரிகளுக்கும் அவர் தலைவர். 1512இல் போர்ச்சுகீசிய அரசரும் அவரும் பங்கு போட்டு பெகுவுக்குக் கப்பல் அனுப்பினார்கள். கிழக்குக் கடல் வழி தெரியாத போர்ச்சுகீசியருக்கு ஜங்க், மாலுமி, முதல், தொடர்பு எல்லாம் அவர் வழியாகக் கிடைத்தன.

சரி, இது துரோகமா? ‘நாடு’ என்று நாம் இன்று சொல்கிற பொருளில் மலாக்கா அவருக்கு நாடு அல்ல, தொழில் செய்த ஊர். முதல் அமைச்சரையே விசாரிக்காமல் கொன்ற சுல்தான் ஒரு பக்கம். துணி வியாபாரத்தில் தன் இனத்தாரின் போட்டியாளர்களான குஜராத்திகள் அரண்மனையில் செல்வாக்கோடு இருந்தது இன்னொரு பக்கம். அவர் கணக்குப் போட்டார். சிறையில் கிடந்தவர்களுக்குச் சோறு போட்டதில் இரக்கமும் இருந்திருக்கும், அதை நான் மறுக்க மாட்டேன். ஆனால் அந்த உதவியின் தொடர்ச்சியாக எத்தனை பேர் வீடிழந்தார்கள், உயிரிழந்தார்கள் என்பதையும் மறைத்துப் பேச எனக்கு மனம் வராது.

அவர் முடிவு பரிதாபமானது. 1514இல் அந்தப் பதவியைச் சுமத்ராவில் உள்ள கம்பாரின் முஸ்லிம் அரசருக்குக் கொடுக்கப் போர்ச்சுகீசியர் முடிவு செய்தார்கள். மலாய் மக்களைத் திரும்ப ஊருக்கு இழுக்க அது உதவும் என்று நினைத்தார்கள். நைனா சத்து பொதுவெளியில் மேடை போட்டு, சந்தனமும் அகிலும் அடுக்கிச் சிதை மூட்டச் சொன்னார். தான் இவர்களுக்குச் செய்ததையும் இவர்கள் தனக்குச் செய்ததையும் கூட்டத்தின் முன் எடுத்துச் சொல்லிவிட்டு நெருப்பில் இறங்கினார். இதை எழுதிவைத்தவர் ஜொவாவோ டி பாரோஸ் என்ற போர்ச்சுகீசிய வரலாற்றாசிரியர். தங்கள் தரப்பு நன்றிகெட்டு நடந்ததை அவர்களே எழுதிவைத்திருக்கிறார்கள்.

உத்திமுத்தி ராஜாவுக்கு என்ன கிடைத்தது?

மரண தண்டனைதான். எண்பது வயது தாண்டிய அவர், சில மாதங்களில் சதிக் குற்றச்சாட்டில் மகனோடும் மருமகனோடும் கொல்லப்பட்டார். அதன்பின் ஜாவாக்காரர்கள் கிளர்ந்தார்கள். 1513 தொடக்கத்தில் ஜாவாவில் உள்ள ஜெப்பாராவின் தலைவர் பாதி உனூஸ் பெரும் கப்பற்படையோடு வந்து தோற்றார்.

கோட்டைக் கல் எங்கிருந்து வந்தது?

இடித்த பள்ளிவாசலிலிருந்தும் சுல்தான்களின் கல்லறைகளிலிருந்தும். ஆ ஃபமோசா என்று பெயர் வைத்தார்கள், ‘புகழ்பெற்றது’ என்று பொருள். ஊரை வென்ற தளபதிகளின் பெயர்களை ஒரு கல்லில் வெட்டி வாசலில் பதிக்க அல்புகெர்க் ஏற்பாடு செய்தார். யார் பெயர் முதலில் என்று தகராறு வந்துவிட்டது. அவர் கல்லைத் திருப்பிப் பெயர்கள் சுவருக்குள் போகும்படி வைத்து, ‘வீடு கட்டுவோர் வேண்டாம் என்று ஒதுக்கிய கல்’ என்ற பைபிள் வாசகத்தை வெளிப்பக்கம் வெட்டச் சொல்லிவிட்டார்.

மூழ்கிய புதையல் கப்பல் கதை நிஜமா?

நிஜம். ஃப்ளோர் டி லா மார் என்ற பழைய கப்பலில் கொள்ளைப் பொருளை ஏற்றிக்கொண்டு அல்புகெர்க் கிளம்பினார். 1511 நவம்பரில் சுமத்ரா கரையோரம் புயலில் உடைந்து மூழ்கியது. அவர் ஒரு தெப்பத்தில் தப்பினார். தன் கல்லறைக்கென்று சுல்தான்களின் சமாதியிலிருந்து எடுத்துவந்த சிங்கச் சிலைகளும் போயின. இன்றுவரை கப்பல் கிடைக்கவில்லை.

மலாக்கா கைக்கு வந்ததும் வியாபாரம் முழுக்கப் போர்ச்சுகீசியரிடம் வந்துவிட்டதா?

வரவில்லை. நிலம் வந்தது, நீரிணையில் காவல் நிற்க இடம் வந்தது. 1511 முடிவதற்குள்ளேயே அப்ரியுவும் பிரான்சிஸ்கோ செர்ராவும் வாசனைத் தீவுகளைத் தேடிக் கிளம்பினார்கள், சியாமுக்குத் தூதர் போனார். அந்த வகையில் லாபம் பெரிதுதான்.

ஆனால் முஸ்லிம் வியாபாரிகள் ஒவ்வொருவராக வேறு துறைமுகம் பார்த்துக்கொண்டார்கள். சுமத்ராவின் வடமுனையில் அச்சே வளர்ந்தது. ஜாவாவில் பந்தம், போர்னியோவில் புருணை, தெற்கே ஜொகூர் எல்லாம் தலைதூக்கின. மிளகு அச்சேயிலிருந்து மாலத்தீவு வழியாகச் செங்கடலுக்குப் போனது. வெனிஸின் குரல்வளை சில பத்தாண்டுகளில் மறுபடி மூச்சு விட்டது. அச்சே படை திரும்பத் திரும்ப வந்து முட்டியது, 1629இல் சுல்தான் இஸ்கந்தர் மூடா அனுப்பிய பெரும் படை தோற்கும்வரை.

சீனாவும் இதை மறக்கவில்லை. மலாக்கா மிங் பேரரசரை மேலாளராக ஏற்றுக்கொண்ட நாடு. டோமே பிரெஸ் 1517இல் தூதராகச் சீனா போனபோது, மலாக்கா சுல்தானின் முறையீடும் அங்கே போய்ச் சேர்ந்தது. பிரெஸ் சிறையில் அடைக்கப்பட்டார். நாடு திரும்பவே இல்லை.

சுல்தான் மஹ்மூத் என்ன ஆனார்?

பகாங், பிந்தான் என்று இடம் மாறிக்கொண்டே திரும்பத் திரும்பத் தாக்கினார். 1526இல் போர்ச்சுகீசியர் பிந்தானை அழித்தார்கள். சுமத்ராவின் கம்பாரில் 1528இல் இறந்தார். அவர் மகன்களில் ஒருவர் ஜொகூர் அரச மரபையும் ஒருவர் பேராக் மரபையும் தொடங்கினார்கள்.

உலகை முதலில் சுற்றிவந்தவர் மலாக்கா அடிமை என்பது சரியா?

பாதி சரி. மெகல்லன் 1511 சண்டையிலும் இருந்தார். மலாக்காவில் வாங்கிய ஒரு இளைஞனுக்கு என்ரிக் என்று பெயரிட்டு ஐரோப்பா கொண்டுபோனார். 1521இல் மேற்கு வழியாகப் பிலிப்பைன்ஸ் வந்தபோது, அந்தத் தீவுக்காரர்களிடம் என்ரிக் மலாயில் பேச, அவர்களுக்குப் புரிந்தது. மெகல்லன் கொல்லப்பட்டதும் என்ரிக் பிரிந்துவிட்டார், அதற்குப் பிறகு அவரைப் பற்றிப் பதிவு இல்லை. சொந்தக் கரைவரை வந்து சேர்ந்திருந்தால் அவர்தான் முதல் ஆள்.

டச்சுக்காரர்கள் எப்போது வந்தார்கள்?

1606இல் ஒரு தடவை முயன்று முடியவில்லை. 1640இல் ஜொகூரின் துணையோடு முற்றுகையிட்டார்கள். இது முழு அர்த்தத்தில் முற்றுகை: கடலிலும் தரையிலும் அடைப்பு, ஐந்து மாதத்துக்கு மேல். உள்ளே பஞ்சம், நாயும் பூனையும் எலியும் தின்றார்கள், கூடவே கொள்ளைநோய். அந்த நோய் டச்சுப் பாசறையையும் விடவில்லை. 1641 ஜனவரி 14 அன்று ஊர் விழுந்தது. டச்சுக்காரர்களுக்கு அதற்குள் பத்தாவியா (இன்றைய ஜகார்த்தா) தலைநகராக இருந்ததால் மலாக்காவை வளர்க்க அக்கறை இல்லை.

இப்போது போனால் என்ன பார்க்கலாம்?

கோட்டையில் மிச்சம் பெரிதாக அந்த ஒரு வாசல்தான், போர்த்தா டி சாந்தியாகோ. 1807இல் ஆங்கிலேயர் கோட்டையை வெடிவைத்துத் தகர்த்தார்கள். ஸ்டாம்போர்டு ராபிள்ஸ் தலையிட்டதால் இது தப்பியது என்பார்கள். வளைவுக்கு மேல் பாருங்கள், 1670 என்று டச்சுக்காரர்கள் வெட்டியது தெரியும். ஒரு காலத்தில் அலை அருகே வந்து அடித்த இடம் அது. கடலைத் தூர்த்துக் கடைகள் கட்டிவிட்டதால் இப்போது கடல் கண்ணிலேயே படாது. ஆற்றோரம் ஃப்ளோர் டி லா மார் கப்பலின் மாதிரி வடிவம் அருங்காட்சியகமாக நிற்கிறது.

ஆற்றைத் தாண்டி வடக்கே போங்கள். அது பழைய வியாபாரிகள் பக்கம். துக்காங் எமாஸ் தெருவில், பள்ளிவாசலுக்கும் சீனக் கோயிலுக்கும் பக்கத்தில், ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி கோயில் இருக்கிறது. 1781இல் கட்டியது. நிலம் டச்சுக்காரர்கள் தைவநாயகம் செட்டிக்குக் கொடுத்தது. கோயில் மலாக்கா செட்டிகளுடையது. அந்தக் காலத்துத் தமிழ் வியாபாரிகள் உள்ளூர்ப் பெண்களை மணந்து உண்டான வம்சம். வீட்டில் பேசுவது மலாய், பெண்கள் உடுத்துவது கெபாயா என்ற மலாய் மேற்சட்டை, பொங்கலும் வைப்பார்கள், போகிக்கு முன்னோருக்குப் படையலும் போடுவார்கள். காஜா பெராங்கில் அவர்கள் கிராமம் இருக்கிறது. போனால் நின்று பேசிவிட்டு வாருங்கள்.